போன் சார்ஜரும் நான்கு ஃபைல் டிஸ்க்குகளும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போனுக்குச் சார்ஜ் போட இடமில்லாமல் நெட்வொர்க் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி, மாத்தளையில் ஒரு மிளகுக் கம்பெனியின் டேட்டாபேஸை விழுத்தியவன் நான். அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவனும் நான்தான்.

சர்வரில் இடம் தீர்ந்திருந்தது. பக்கத்துக் கட்டடத்து ஸ்டோரேஜ் பெட்டியில் நிறைய இடம். அதை நெட்வொர்க் வழியாக, என்எஃப்எஸ்ஸில் மவுண்ட் செய்து, அதாவது சர்வரோடு இணைத்து, பூச்சியம் நிரப்பிய நான்கு பெரிய ஃபைல்களை உருவாக்கி, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஏஎஸ்எம்மிடம் இவைதான் டிஸ்க் என்று காட்டினேன். அது நம்பி டிஸ்க் குரூப் கட்டிக்கொண்டது. திருட்டு வேலை அல்ல. மேனுவலிலேயே உள்ள வழி. மவுண்டை 'ஹார்ட்' என்று போடச் சொன்ன வரியை மட்டும் நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். ஹார்ட் என்றால் பெட்டி பதில் தரும்வரை காத்திருக்கும். நான் போட்ட 'சாஃப்ட்' கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எரர் கொடுக்கும். சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கியதும் கொடுத்தது. டிஸ்க் குரூப் கழன்றது, டேட்டாபேஸ் விழுந்தது, எடை போடுவது நின்றது. நாவுலயிலிருந்து மிளகு கொண்டுவந்தவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து என் வம்சத்தை விசாரித்தார்கள்.

கொழும்பிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தார். "ஹாஜியார், இவரு ஃபைல டிஸ்க்குன்னு ஏமாத்தி வச்சிருக்காரு. எல்லாத்தையும் கொழும்புக்கு மாத்திருவோம்," என்றார் முதலாளியிடம். சர்வர் போனால் என் வேலையும் கூடவே போகும்.

"மடத்தனம் என்னோடது, என்எஃப்எஸ்ஸோடது இல்ல," என்றேன். "இப்ப ஹார்ட்டுன்னு மாத்திட்டேன். நாளைக்கு எடை போடுற நேரத்துலயே நெட்வொர்க் கேபிளக் கழட்டுறேன். விழுந்தா நானே சர்வரத் தூக்கி லொறியில ஏத்துறேன்."

மறுநாள் இருவர் முன்னாலும் கழற்றினேன். முழுதாக ஒரு நிமிடம். கன்சல்டன்ட் கடிகாரத்தையே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பச் செருகியதும் நின்ற பதிவு நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒரு மூட்டைகூட விடுபடவில்லை. சர்வர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி தேநீர் குடிக்கப் போனார்.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: மவுண்ட் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். படித்த பிறகு எவர் முறைத்தாலும் பயப்படாமல் கேபிளைக் கழற்றிக் காட்டுங்கள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தராசு ஜன்னலுக்குப் போனேன். எடை பதியும், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நஸ்ரினாவிடம், அந்த ஒரு நிமிடம் ஸ்கிரீன் ஏன் நின்றது, அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய வீரம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நானா, லைன்ல ஆள் நிக்குது, தள்ளி நில்லுங்க."