மொட்டை மாடியை விட்டு எழும்பாத ட்ரோன்

பேருந்து ஓட்டுநர்தான் என்றாலும் பணிமனையில் அவருக்குப் பெயர் ‘பைலட்’. தலைக்கு மேல் போகும் விமானத்தின் சத்தத்தை வைத்தே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். அந்தப் பைத்தியத்தில்தான் விமான நிலையச் சுவரை ஒட்டி வீடு பிடித்தார். ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் அடுக்களைப் பாத்திரங்கள் அதிரும். "வேற வீடு பார்க்கலாங்க" என்று மனைவி பதினோரு வருடமாகக் கேட்கிறாள். "என்ன சொன்ன? சத்தத்துல கேக்கல" என்பார்.

விமானம் ஓட்டத்தான் கொடுத்துவைக்கவில்லை, ட்ரோனாவது ஓட்டுவோம் என்று விடுமுறை நாளெல்லாம் படித்து உரிமம் வாங்கினார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் பறக்கவிடலாமா என்று தேர்வில் கேட்டார்கள். கூடவே கூடாது என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினார். அது தன் வீட்டைப் பற்றிய கேள்வி என்று மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

நேற்றுக் காலை மொட்டை மாடியில் புது ட்ரோனை வைத்து, றெக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பொத்தானை அழுத்தினார். அசையவில்லை. ‘விமான நிலையப் பகுதி. பறக்கத் தடை’ என்று ரிமோட்டின் திரையில் எழுத்து வந்து நின்றது. பத்து முறை அழுத்தியும் அதே பல்லவி. அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் அவர் தலையை உரசுவதுபோல் தாழ்ந்து போனது.

"சனியன் பிடிச்ச இடம்! நாளைக்கே வேற வீடு பார்க்கிறேன்" என்று கத்தினார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "பதினோரு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தினது கேக்கல. இந்தப் பொம்மை வாயே திறக்காம சொன்னது மட்டும் கேட்டுடுச்சா?"