குடிதண்ணீரில் வளர்த்த ராகி நாற்று

சாயப்பட்டறைகள் திறந்துவிட்ட சாயத்தண்ணீர் எங்கள் கிணற்றுக்குள் எப்போது இறங்கியது என்று சொல்ல முடியாது. வீரபாண்டிப் பக்கம் எல்லாத் தோட்டத்துக்கும் அதே கதிதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் டீ வைத்தால் பால் திரிந்தது. வரப்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக விவசாயத்தை விட்டுப் பனியன் கம்பெனி வேனில் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஏறவில்லை. அவர் பிடித்தால் உடும்புப் பிடி.

உப்பைத் தாங்கும் ராகி விதை வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, விவசாய ஆபீசில் போய் வாங்கி வந்தார்.

"இது வந்துச்சுன்னா பண்ணையம். வரலீன்னா நானும் கம்பெனிக்குப் போயிர்றேன் புள்ள" என்றார்.

ஆபீசர் தோட்டத்துக்கே வந்தார். நல்ல மனிதர். "நாத்தங்காலுக்கும் இந்தக் கிணத்துத் தண்ணியவே விடுங்க. கொஞ்சம் சாகும், சாகட்டும். பொழைக்கறதுதான் வயல்ல நிக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

முளை கிளம்பியதும் இவருக்கு மனசு கேட்கவில்லை. "பச்சப் புள்ளைக்கு உப்புத் தண்ணியக் குடுப்பாங்களா? கொஞ்சம் வேர் புடிக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தெருக்குழாயில் என்றைக்கோ ஒருநாள் வரும் குடிதண்ணீரில் பாதி நாற்றங்காலுக்குப் போனது. நான் துணி துவைப்பதைக் குறைத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "ஏனுங்க, டீயும் பன்னும் வாங்கிக் குடுக்கலீங்களா?" என்று கேலி செய்தார். இவர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

நாற்று கருகருவென்று வளர்ந்தது. பிடுங்கி வயல் முழுக்க நட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதலில் நுனி கருகியது, பிறகு குருத்து. இவர் பாத்தி பாத்தியாக உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாக அமுக்கி நிமிர்த்திவிட்டார். "எந்திரிச்சு வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்று நான் கூப்பிட்டது அவர் காதில் விழவேயில்லை.

இரண்டு பேருமாக ஆபீசுக்குப் போனோம். ஆபீசர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாத்தங்காலுக்கு எந்தத் தண்ணிங்க விட்டீங்க?"

குடிதண்ணீரென்று நான்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நல்ல தண்ணியில வளந்ததுங்களா, திடீர்னு உப்பு பட்டதும் தாங்கலீங்க. அடுத்த பட்டத்துல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த பட்டம் எங்களுக்கு இல்லையென்று அவருக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் வரும்போது இவர் என் பக்கம் திரும்பி, "நாமளே கொன்னு போட்டமா புள்ள?" என்று கேட்டார்.

கிணற்றைக் கெடுத்த எவனும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றியவர் கேட்கிறார். "இல்லீங்க, இல்லீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியோடு கம்பெனி வேனில் ஏறினார். தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. வேன் போனபிறகு நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.