ஒத்துக்கொள்ளாத மாத்திரை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் பிடித்து, மெயினருவியில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த சமயம். நான் தென்காசிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. சீசன் வந்தால் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் எனக்கு டூட்டி போட்டுவிடுவார்கள். விசில் ஊதுவேன், கத்துவேன், "போதும், அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்று விரட்டுவேன். கத்துவதுதான் எனக்கு நன்றாக வரும். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதை எழுதாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

அந்தப் பங்குனியிலிருந்தே எனக்கு மனச்சோர்வு. காரணம் கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள், கடன் கிடையாது. இருந்தும் காலையில் யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. நான் இல்லாவிட்டால் இவர்கள் இன்னும் நிம்மதியாக இருப்பார்களே என்று தோன்ற ஆரம்பித்தது. அதை வீட்டுக்காரரிடம் சொன்ன அன்றைக்கே அவர் என்னைத் தென்காசியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவும் கூடவே வந்தாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ரத்த சொந்தத்துல யாராவது இந்த மாதிரி மாத்திரை எடுத்துருக்காங்களா? அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா முந்திக்கொண்டாள்.

"எங்க வம்சத்துலயே அப்படி ஒருத்தரும் கிடையாது டாக்டர். எல்லாரும் நல்ல சொகமாத்தான் இருக்கோம்."

மாத்திரை ஆரம்பித்தேன். நாலைந்து நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. சோறு உள்ளே போனால் வெளியே வந்தது. தூக்கம் சுத்தமாகப் போயிற்று. ஆரம்பத்தில் சிலருக்கு இப்படி இருக்கும் என்று சொல்லி டாக்டர் அளவைப் பாதியாகக் குறைத்தார். பாதிக்கும் அதே ஆட்டம். வேறு மாத்திரைக்கு மாற்றினார். அதுவும் அப்படியேதான்.

ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு. "மாத்திரையத் துப்பிட்டு நாடகம் போடுதா" என்றாள் கூட வேலை பார்க்கிற ஒருத்தி. "மனசு வச்சா எல்லாம் சரியாவும்" என்றார் பெரியப்பா. மனசே கெட்டுக் கிடக்கிறவளிடம் மனசு வை என்றால் எங்கே போய் எடுத்து வைப்பது? அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். லீவு நாளில் தலை நிறைய எண்ணெய் தேய்த்து மெயினருவிக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். தண்ணீர் தலையில் அறைந்தால் பித்தம் இறங்கிவிடுமாம். "எம்மா, நான் சீசன் முழுக்க இந்தத் தண்ணியிலதான் நிக்கேன். இதுல சரியாவும்னா இந்த ஜில்லாவுலயே தெளிவான ஆளு நான்தான்" என்று அருவி இரைச்சலுக்கு மேலே கத்தினேன். பக்கத்தில் குளித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

டாக்டரும் கைவிடவில்லை. ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன். இரண்டு மாத்திரையும் தோற்றுப்போச்சு என்றால் கோளாறு மாத்திரையில் இல்லை, எனக்குத்தான் விமோசனம் கிடையாது என்று. வேலையை எழுதிக் கொடுத்துவிடுவது என்று மனதில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேலும் சிலதை வைத்திருந்தேன். அது இங்கே வேண்டாம்.

அப்படி இருந்த ஒரு மத்தியானம்தான், ராயகிரியில் இருக்கிற என் சித்தி, அம்மாவின் தங்கை, அருவிக்கு வந்தாள். தனியாக வரவில்லை. அவள் மகளுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை பேசி முடிகிற நேரம். ஜாதகம் பார்த்தாயிற்று, பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, எலுமிச்சை வியாபாரக் குடும்பம், அவரும் இன்னும் சில பெண்களும் சித்தியோடு குளிக்க வந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும், "நம்ம ஏட்டம்மா நிக்கா, வாங்க. நமக்கு இன்னிக்குக் கூடக் கொஞ்ச நேரம் குளியல்" என்று சித்தி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் விசிலை வாயில் வைக்கப் போனேன். கை நடுக்கத்தில் விசில் பல்லில் தட்டித் தட்டிக் கீழே விழுந்தது.

"போலீஸ்காரிக்கே குளிருது பாருங்க மைனி" என்று மாப்பிள்ளையின் அம்மா கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. விசிலை எடுத்துத் துடைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அந்தச் சாரலிலும் என் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. கையைப் பிடித்தபடியே துணி மாற்றுகிற அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏட்டி, என்ன மாத்திரை முழுங்குதே?"

"குளிருதான் சித்தி."

"எங்கிட்டயே பொய் சொல்லாத. இந்த நடுக்கம் எனக்குத் தெரியும்."

மாத்திரையின் பெயரைச் சொன்னேன். "அதுக்கு முன்னால?" என்றாள். அதையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா துண்டு எடுக்க அங்கே வந்து எங்களுக்கு நேர் எதிரே நின்றார். சித்தி பேச்சை நிறுத்தினாள்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் பேச்சை மாற்றியிருக்கலாம். வீட்டுக்கு வந்து காதோடு சொல்லியிருக்கலாம். வருடக்கணக்காக மாசம் தவறாமல் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். பல் டாக்டரிடம் போகிறாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. "சித்தி வாயில மொத்தம் எத்தனை பல்லு?" என்று நாங்கள் கேலி செய்வோம். அன்றைக்கும் பல்வலி என்றே முடித்திருக்கலாம். ஆனால் என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"எனக்கும் இதே சீக்குதான். நான் மதுரைக்குப் போறது பல்லுக்கு இல்லட்டி, மனசுக்கு. இதே ரெண்டு மாத்திரையும் எனக்கும் ஒத்துக்கிடல. இப்படித்தான் நடுங்கினேன். மூணாவதா வேற குடுத்தாவ. அதுலதான் எந்திரிச்சு உக்காந்தேன். நீ ஒண்ணும் நடிக்கல. உங்கிட்ட குத்தமும் இல்ல. சாயங்காலம் டாக்டர்ட்ட நானும் வாரேன்."

மாப்பிள்ளையின் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அருவியில் நடந்தது தெரிந்து, சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா? வீட்ல கல்யாணத்த வச்சுக்கிட்டு! நான் டாக்டர்ட்டயே வாயத் தொறக்கலியே, உனக்காகத்தான!"

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வாசல் என்றும் பார்க்காமல் கத்தினேன். சித்திதான் அடக்கினாள். "அவள ஏசாத. நான்தான் சத்தியம் வாங்கிருந்தேன். எக்கா, என் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்க இவ செத்துப்போணுமா?"

சித்தி தான் சாப்பிட்ட மருந்து, பட்ட பாடு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மாத்திரையை உடம்பு உடைத்து வெளியேற்றுகிற வேகம் ஆளுக்கு ஆள் வேறு. பிறவியிலேயே மரபணுவில் அமைவது. சிலருக்கு வேகமாகக் கரைந்து போய்விடும், மருந்து வேலையே செய்யாது. சிலருக்கு மெதுவாகக் கரையும், பாதி மாத்திரைகூட உள்ளே சேர்ந்து சேர்ந்து ஆட்டிவைக்கும். நான் சாப்பிட்ட இரண்டு மாத்திரைக்கும் கரைகிற வழி ஒன்றுதானாம்.

"அப்ப சித்தி மாத்திரைய எனக்கும் எழுதிக் குடுத்துருங்க" என்றேன்.

"அப்படி நேரா எழுத முடியாதும்மா. ஒரே குடும்பம்னாலும் எல்லாம் ஒண்ணுபோல இருக்காது. இது ஒரு துப்பு. போலீஸ்ல இருக்கீங்க, துப்பு கிடைச்சவுடனே தண்டனை குடுத்துருவீங்களா? விசாரிப்போம்" என்று சிரித்தார். ரத்தம் எடுத்து வெளியூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்தப் பரிசோதனையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஒரு பகுதியைத்தான் சொல்லும் என்றார். முடிவு வருவதற்குள் அந்த மாத்திரையைப் படிப்படியாக நிறுத்த வைத்தார். முடிவு வந்தது. மெதுவாகக் கரைக்கிற உடம்பு என்று அதில் இருந்தது. வேறு வழியில் கரைகிற மருந்தாகப் பார்த்து, சின்ன அளவில் ஆரம்பித்தார். கை நடுங்கவில்லை. ஆவணி தாண்டி ஒரு நாள் மத்தியானம், "குழம்புல உப்பு கூடிப்போச்சு" என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். அழுதிருக்கிறார் மனுஷன்.

இதை வாசித்துவிட்டு யாராவது சொந்தக்காரர் மாத்திரையை வாங்கி முழுங்கினீர்கள் என்றால் தேடி வந்து உதைப்பேன். டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள், அது போதும்.

புளியங்குடிச் சம்பந்தம் நின்றுபோயிற்று. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருந்தி இருக்கிறது என்று முதலில் சொன்னதும் அவர்கள்தான். நான் ராயகிரிக்குப் போய்ச் சித்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவள் மகள்தான் பேசினாள்.

"விடுக்கா. நாளைக்கு எனக்கும் இந்தச் சீக்கு வந்தா அந்த வீட்ல நான் எத்தனை பல்லு புடுங்கணும்?"

சித்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சித்தி மகளுக்குப் போன வருடம் சங்கரன்கோவில் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டது. முதல் பேச்சிலேயே எல்லாவற்றையும் சொல்லித்தான் முடித்தார்கள்.

இந்த சீசனிலும் எனக்கு அதே இடத்தில்தான் டூட்டி. விசில் வாயில் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை ஊதும்போதும், அந்த மாத்திரை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நான் தெரிந்துகொள்வதற்காக, என் சித்தி தன் சீக்கை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததே என்று நினைத்துக்கொள்வேன்.