மறுபக்கம் திருப்பாதவர்

வெளிநாட்டில், ரொக்ஸ்பரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில், ஊர்ப் போருக்குத் தப்பி வந்த அகதிகள் ஐந்து பேர் இருந்தோம். அதில் தோள் கூனிய அண்ணை ஒருவர், வேலையால் வந்ததும் இங்கிலாந்து புளூஸ் ரொக் குழு ஒன்றின் கசெற்றைப் போடுவார். கரகரத்த குரலுக்குப் பின்னால் கிற்றார் இழுத்திழுத்து அழும்.

"குழுவைத் தொடங்கின ஆக்களிலை ட்ரம்ஸ் அடிக்கிறவன் மட்டும்தான் மிச்சம். ஆனாப் பேரை விடேல்லை," என்பார்.

முதற்பக்கம் முடிந்தால் மறுபக்கம் திருப்பவே மாட்டார். மீண்டும் முதலிலிருந்துதான்.

ஊருக்குப் பேசி அனுப்ப வெற்றுக் கசெற் இல்லாத ஒரு நாள், அவருடைய கசெற்றின் மறுபக்கத்தில் அம்மாவுக்குப் பேசிப் பதிந்து தபாலில் போட்டேன். அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தால் போயிற்று என்று நினைத்தேன்.

நான் சொன்னதும் அண்ணை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அதிலை என்ரை மனுசியின்ரை குரல், தம்பி. பாட்டுக்கு மேலை பதிஞ்சு அனுப்பினவ. அதுக்கு அடுத்த கிழமை ஷெல்லடியிலை செத்துப்போனா."

என்னை ஏசவில்லை. அந்த மாதமே யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

பிறகு அதே கசெற் அம்மாவின் பதிலோடு திரும்பி வந்தது. "நீ கதைச்சு முடிய ஆரோ ஒரு பொம்பிளைப் பிள்ளை கதைச்சவ. அதுக்கு மேலைதான் நான் கதைக்கிறன்," என்றாள்.

அம்மாவின் குரல் முடிந்ததும் கிற்றார் மட்டும் வந்தது.