கஸ்பர் பிடித்த மீன்

கஸ்பர் லண்டனில் முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்தார். அதில் இருபத்தாறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். சொந்த ஊரான பேசாலையில் பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போனவர், இங்கே ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. கேட்டால், "ஷிப்ட்டை ஆர் பாக்கிறது?" என்பார். ஓய்வு பெற்ற பிறகு கேட்டால், "குளிர்" என்பார்.

எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் றூபினி அவரை மீன் பிடிக்கக் கூட்டிப் போக முடிவு செய்தாள். லண்டனுக்கு வெளியே, காரில் ஒன்றரை மணி நேரத்தில், ஒரு பெரிய ஏரி. படகு, தூண்டில், வழிகாட்டி எல்லாம் அவர்களே தருவார்கள். இணையத்தில் பதிவு செய்தாள்.

றூபினி லிஃப்ட்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பொறியியலாளர். எந்தக் கடதாசியையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்து வைக்க மாட்டாள். ஆகவே ஏழாவது நிபந்தனையையும் வாசித்தாள். பிடிக்கும் மீன் எல்லாவற்றையும் உயிரோடு ஏரியில் திரும்ப விட வேண்டும்.

அன்றிரவே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கஸ்பர் அதற்குள் தொலைபேசியில் இருந்தார்.

"சனிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டுக்கு வாங்கோ. நான் பிடிக்கிற மீன்."

கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வரும் ஆறு பேருக்கு அழைப்புப் போனது. அவர்களில் முக்கியமானவர் லெஸ்லி. அவரும் பேசாலைக்காரர், கஸ்பரை விடப் பத்து வயது இளையவர், வாய்க்காரர். "அண்ணை, உங்களை நம்பிக் காலமைச் சாப்பாட்டை விடலாமே?" என்று கேட்டாராம். கஸ்பர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

றூபினி கணக்குப் போட்டாள். புதியவர்களுக்கு மூன்று பயணத்தில் ஒரு முறைதான் மீன் படும் என்று அந்த இணையத்தளமே சொன்னது. மீன் படாவிட்டால் நிபந்தனையைச் சொல்ல வேண்டிய தேவையே வராது. பேசாமல் இருந்தாள்.

ஐப்பசிக் குளிரில் போனார்கள். கஸ்பர் ஐஸ் பெட்டியும் கத்தியும் கொண்டு வந்தார். வழிகாட்டி அறுபது வயதான வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். கஸ்பருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சுழல் தூண்டிலை எப்படி எறிவது என்று வழிகாட்டி ஒரு முறை காட்டினார், அதோடு சரி. பத்தரை மணிக்குக் கஸ்பரின் தூண்டில் வளைந்தது.

இருபது நிமிடம். நூலை விட்டார், இழுத்தார், மறுபடி விட்டார். படகின் ஓரத்துக்கு வந்தது பைக் என்னும் நன்னீர் மீன். சீலா மாதிரி நீண்ட முகம், பச்சை உடம்பில் மஞ்சள் புள்ளி. வழிகாட்டி வலையில் ஏந்தி, ஈரப் பாயில் கிடத்தி, நாடா பிடித்து அளந்தார். நூற்றுநான்கு சென்ரிமீற்றர். இந்த வருடம் தன் படகில் பட்டதில் இதுதான் பெரியது என்றார்.

கஸ்பர் ஒரு கட்டையைத் தேடி எடுத்தார். மீனின் தலையில் அடிக்கக் கை ஓங்கினார். வழிகாட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னவாம்?" கஸ்பர் மகளைப் பார்த்தார்.

"விடோணுமாம் அப்பா."

"எங்க விடுறது?"

"தண்ணியிலதான். இஞ்ச அதுதான் சட்டம்."

"பிறகென்னத்துக்குப் பிடிச்சது?"

கஸ்பர் கட்டையைக் கீழே வைத்தார்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

மீனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி கைபேசியை எடுத்தார். கஸ்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விடுற மீனோட என்ன படம்?" மீன் வாலை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனது.

திரும்பும் வழியில் வால்தம்ஸ்டோவில் ஒரு மீன்கடை முன் காரை நிறுத்தச் சொன்னார். சீபாஸ் என்னும் கடல்மீன் நான்கு வாங்கி வந்தார். கார் நின்ற இடத்திலேயே அவற்றை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, கடைப் பையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மகளிடம் எதையும் மறைக்கவும் இல்லை, எதையும் கேட்கவும் இல்லை. சின்னப்பிள்ளை வேலை என்று றூபினி நினைத்தாள்.

வீட்டில் அம்மா அருள்நாயகி பெட்டியைத் திறந்தாள். மீன்களைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். புளியை ஊறப்போட்டாள்.

அன்று பின்னேரம் லெஸ்லி முதல் கவளத்திலேயே தொடங்கினார்.

"அண்ணை, உந்த ஏரிக்குள்ள கடல் எப்ப வந்தது?"

"ஏன்?"

"சேத்து மணம் இல்லை. கொடுவா மாதிரியெல்லோ கிடக்கு."

"சுத்தமான ஏரி. லண்டன் சேறு உன்ர மூக்கிலதான் கிடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். லெஸ்லி விடவில்லை. "சத்தியமா நீங்கள் பிடிச்சதோ?"

"என்ர பிள்ளையைக் கேள். அவள் பொய் சொல்லமாட்டாள். றூபினி, நாங்கள் பிடிச்சதுதானே?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. லெஸ்லியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அப்பா," என்றாள் றூபினி. "கடையில வாங்கினது."

லெஸ்லிதான் முதலில் சிரித்தார். கஸ்பரும் சிரித்து, "பகிடிக்குச் சொன்னனான்," என்றார். ஏரியில் பிடித்ததைப் பற்றி அவர் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொன்னால் எவர் நம்புவார்? அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அவளுடைய வேலையில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் எழுதுவது. அன்றைக்கும் அதையே செய்தாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் லெஸ்லி, "சம்மாட்டியார் வாறார், வழி விடுங்கோ," என்றார். ஊரில் சம்மாட்டி என்றால் சொந்தப் படகும் வலையும் ஆட்களும் உள்ளவர். அதற்கு அடுத்த வாரம் அது 'கடைமீன் சம்மாட்டி' ஆகிவிட்டது. லெஸ்லி கெட்ட மனிதர் இல்லை. ஒரு பகிடி கிடைத்தால் தேயும் வரை பாவிப்பவர், அவ்வளவுதான்.

மாசி மாதத்தில்தான் அம்மா றூபினியிடம் சொன்னாள்: அப்பா தமிழ்ப் பூசைக்குப் போவதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முன்பிருந்தே காலை எட்டு மணி இங்கிலீஷ் பூசைக்குப் போகிறார். அவருக்கு அதில் பாதி விளங்காது. பிரசங்கத்தின்போது தலையைக் குனிந்தபடி இருப்பாராம். ஒரு நாள் வந்து அப்பாவோடு பேச வேண்டும் என்று றூபினி நினைத்தாள். அந்த மாதம் பரிசோதனைகள் நிறைய இருந்தன. பங்குனி ஒன்பதாம் தேதி பஸ் தரிப்பில் கஸ்பரின் இருதயம் நின்றது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பின் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. லெஸ்லிதான் காலையிலிருந்து மேசை இழுத்து, கதிரை போட்டு, சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. றூபினி கோப்பையோடு அவர் முன் நின்றாள்.

"மாமா, அண்டைக்கு அப்பா உண்மையா மீன் பிடிச்சவர்."

"ஓம் பிள்ளை. பிடிச்சிருப்பார்."

"இருப்பார் இல்லை, பிடிச்சவர். பெரிய பைக் மீன். நூற்றிநாலு சென்ரிமீற்றர். நான் பக்கத்தில நிண்டனான். திருப்பி விடவேண்டி வந்திட்டுது."

லெஸ்லி அகப்பையைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "படம் இருக்கே?"

"இல்லை. அவர் எடுக்க விடேல்லை."

"அதுக்கென்ன," என்றார் லெஸ்லி. செத்த வீட்டில் பிள்ளைகளிடம் பேசும் அந்த மெல்லிய குரலில். "நீ சொன்னாச் சரி, பிள்ளை. நல்ல பெரிய மீன்தான்."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். லெஸ்லி அவளுடைய கோப்பையில் சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, "போய் இருந்து சாப்பிடு," என்றார்.

அவள் போய் ஒரு கதிரையில் இருந்தாள்.