மதிலைத் தாண்டிப் போகும் தூசி

பக்கத்து வீட்டுக் குழந்தையின் இருமல் எங்கள் பட்டறைத் தூசியால் வந்ததுதானா? சில வாரங்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் கணவரின் மரப்பட்டறை. சமையலறை அலமாரிகள் செய்கிறார். பலகை அறுக்கும்போது பறக்கும் தூளை இழுத்துத் துணிப்பையில் சேர்க்கும் மிஷின் ஒன்று உண்டு. சீவலெல்லாம் பையில் தங்கிவிடும். மாவு மாதிரியான தூள் மட்டும் துணி வழியே கசிந்து, வீடு வரைக்கும் வரும். சோற்றுப்பானை மூடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் திறப்பேன்.

என் மகளுக்கு இரண்டு வயது. மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு வந்தது. மூச்சு இழுக்கும்போது விலா குழிந்துபோகும். தூசி ஆகாது என்றார் செங்கல்பட்டு டாக்டர். மிஷினை வெளியே வைக்கச் சொல்லிக் கணவரை நச்சரித்தேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஊரப்பாக்கத்தில் வளர்ந்தவள், கடலோரக் காற்று பழக்கமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குச் சாம்பிராணி காட்டியபோது, தூபக்காலைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். புகை மேற்கு மதிலைத் தாண்டிப் போனது. எங்கள் பக்கம் ஒரு இழைகூடத் திரும்பவில்லை. அந்த மதிலோரமாகவே தகரம் வேய்ந்து மிஷினை வைத்தோம். காலையில் காற்று மாறி வீட்டுப் பக்கம் அடித்தது. அதனால் அறுப்பு வேலையை மதியம் கடல்காற்று வந்தபிறகு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். மகளின் இளைப்பு அடங்கியது.

புகை எங்கே போய்ச் சேருகிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் என்னைவிட இளையவள் ஒருத்தி, கைக்குழந்தையோடு இருக்கிறாள். புழுக்கத்துக்குப் பயந்து, மதியமானால் கடல்காற்று வரும் பக்கத்து வராந்தாவில் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்கவைப்பாள். அதே நேரத்தில்தான் எங்கள் மிஷின் ஓடுகிறது.

ஒருநாள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். அவளும் மதிலுக்கு அப்பால் துணியை உதறிக்கொண்டிருந்தாள். மகளைப் பற்றி விசாரித்தாள். தேவலை என்றேன்.

“நல்லதுக்கா. பாப்பாவ இட்டுகினு டாக்டராண்ட அலைஞ்சியே, பாவமா இருந்துச்சு,” என்றாள். பிறகு, “இப்போ என் புள்ளைக்கு இளைக்குதுக்கா. நைட்டெல்லாம் இருமிகினே கீறான். உங்க டாக்டரு பேரு இன்னா?” என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே டாக்டர் பெயரைத்தான் கேட்டாள். சொன்னேன். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னபோது, “பனிக்குச் சளி புடிச்சிருக்கும். நீயா பேஜார இழுத்துக்காத,” என்றார். இருக்கலாம். ஆனால் என் மகளுக்கு அப்படி இருந்தபோது நாங்கள் சளி என்று விட்டுவிடவில்லையே.

மிஷினை மறுபடி உள்ளே கொண்டுவந்தால் என் பெண்ணுக்குத் திரும்பவும் மூச்சு முட்டும். வெளியே இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. வேறு இடத்தில் பட்டறை பிடிக்க இப்போது வழியில்லை. மதியமானதும் மிஷின் சத்தம் கேட்கிறது, நான் வேலையை விட்டுவிட்டு மதிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மாவுத்தூளையும் விடாமல் பிடிக்கும் பை உண்டா? மிஷினைச் சுற்றி அடைத்தால் போதுமா? அதுவரை அந்தப் பெண்ணிடம் தூளியை வேறு பக்கம் கட்டச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். என்ன சொல்லட்டும்?