வயிற்றுப்போக்கு மாத்திரை யாருக்கு?

மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், வயிற்றுப்போக்கு எப்போதும் வேறு யாருக்காவதுதான் வரும். சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான கூலாயில் எங்கள் கடைக்கு வருகிற யாரும் தனக்கென்று கேட்டதில்லை. என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளுகிறவர்களே, உங்கள் ஊரிலும் இப்படித்தானா?

நண்பருக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார். எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டினால் இறங்கி ஓட முடியாதாம், அதனால் நண்பர் தினமும் காலையில் முன்ஜாக்கிரதையாக ஒன்று விழுங்குகிறாராம். இது குடலை மந்தமாக்கும் அபின் வகை மருந்து, நோயில்லாமல் போடக்கூடாது, அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்றேன். அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நாலு நாளா போகாம இருக்கே, அதுவும் இதனாலதானா?"

மனைவிக்கு

அடுத்தவர் பள்ளி ஆசிரியர். காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தம் போகிறதா, அப்படியென்றால் இந்த மாத்திரை கூடாது, டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டி வாங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே நின்ற காரிலிருந்தே கடைக்குப் போன் செய்தார்.

"ரத்தம் போகுது மேடம், எனக்குத்தான். பின்னால என் ஸ்டூடண்ட்டோட அம்மா நின்னாங்க லா."

வீட்டுக்காரருக்கு

ஓர் இளம்பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு வந்தாள். வீட்டுக்காரருக்குப் பேதி, மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள். உன் வீட்டுக்காரர் இன்னும் புட்டியில்தான் குடிக்கிறாரா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் தலை துவண்டு கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டது.

பேதி குழந்தைக்குத்தான்; வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையில் பாதியைக் காலையிலேயே கொடுத்திருந்தாள். சின்னக் குழந்தைக்கு இது மூச்சையே மந்தமாக்கிவிடும். உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டிய குழந்தை. கடையை அப்படியே விட்டுவிட்டு என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். நான் செய்த கேலியை நினைத்து வழியெல்லாம் கூசிப்போனேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் குழந்தை எழுந்து பாலுக்கு அழுதது. ஏன் முதலிலேயே உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"பால் புட்டிய ஒழுங்கா கழுவலன்னு எல்லார் முன்னாலயும் திட்டுவீங்கன்னு பயந்தேன், அக்கா."

வயிற்றுப்போக்கை நிறுத்த எங்களிடம் மாத்திரை இருக்கிறது, எங்கள் முகத்தைப் பார்த்ததும் வருகிற கூச்சத்துக்குத்தான் ஒன்றும் இல்லை.